ஓரத்தில் மட்டும் பசை

கதை எழுதிப் பழக்கமில்லாத கை இது. அறிஞர்கள் ஆற அமர விவாதிக்க வேண்டிய ஒரு செய்தியை, சாப்பாட்டு மேசையையும் மைதாப் பசையையும் வைத்துச் சொல்லத் துணிந்தமைக்கு வாசிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். இறையியல் கற்றவர்கள் இதில் பிழை கண்டால், அது எழுதியவருடைய அறியாமையே தவிர, கதையில் வருகிறவர்களுடையது அன்று என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொண்டு தொடங்க அனுமதி வேண்டுகிறேன்.

கத்தோலிக்க ஆயர் இல்லத்திலிருந்து கோயிலுக்கு ஒரு சிறு கட்டு வந்தது. பிரித்தால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் அச்சிட்ட தாள்கள். மறைக்கல்விப் புத்தகத்தில் மரண தண்டனையைப் பற்றிச் சொல்லும் பத்தி திருத்தப்பட்டிருக்கிறது. புதிய பத்தி இதோ. பழையதன் மேல் ஒட்டிக்கொள்ளவும். இவ்வளவே செய்தி.

பங்குத்தந்தை இளைஞர், குருப்பட்டம் பெற்று அதிக காலம் ஆகவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு கோயிலின் பின்னறைக்கு வந்தார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை நடத்துகிற டீச்சர் அங்கே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வார நாட்களில் பள்ளியில் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடவுள். இரண்டிலும் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, வழியையும் காட்ட வேண்டும் என்பது அவருடைய கட்சி.

"டீச்சர், புதுப் பதிப்பு வாங்கற வரைக்கும் இதை ஒட்டிச் சமாளிக்கலாம்" என்றார் பங்குத்தந்தை.

"புதுப் பதிப்பு எப்ப ஃபாதர் வாங்குவீங்க?"

"இந்தக் கூரை ஒழுகறது நின்னதும்."

"அப்ப நல்ல பசையா காய்ச்சறேன். ரொம்ப நாள் தாங்கணும்."

வாசலில் நின்ற கோயில்பிள்ளை சிரித்துவிட்டார். மணியடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எதையும் அரைகுறையாக விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் ஊரார் அவருக்கு 'முழுசு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சமயம் சூசையப்பர் சுரூபத்தின் மேல் படிந்த தூசியைத் தட்டச் சொன்னதற்கு, இறக்கிவைத்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். அன்று முதல் சூசையப்பருக்கு மூக்கில் வண்ணம் கிடையாது.

"பசை காய்ச்சறதுல ஏதாவது ஒத்தாசை வேணும்னா சொல்லுங்க டீச்சர்" என்றார் முழுசு.

"வேண்டாம்ணே. நானே பாத்துக்கறேன்" என்றார் டீச்சர், சற்று அவசரமாகவே.

மாலையில் கட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அளவு பார்ப்பதற்காக அப்பாவின் புத்தக அலமாரியிலிருந்து அவருடைய சொந்தப் பிரதியையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். தாள் பழைய பத்தியைவிட ஒரு விரல் அளவு பெரிதாக இருந்தது. கத்தரிக்க வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அப்பா உள்ளேயிருந்து வந்தார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது முறை. அவர் ஓய்வுபெற்ற ஜெயில் சூப்பிரண்டு. தெருவில் அவர் பெயர் 'பெரிய பூட்டு'. அவர் இருந்த காலத்தில் அந்தச் சிறையிலிருந்து ஓர் ஈ காக்கைகூடத் தப்பியதில்லை என்பதால் வந்த பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மனைவி காலமானபின் மகள் வீட்டோடு இருந்தார். ஞாயிறு பூசைக்கு முன்வரிசை வலது ஓரம் அவருடைய இடம். காய்ச்சலானாலும் மழையானாலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அங்கே இருப்பார்.

அவர் ஒரு தாளை எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசித்தார். மனிதர் எத்தனை பெரிய குற்றம் செய்தாலும் அவருடைய மாண்பு அழிவதில்லை. ஆகவே மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று. உலகெங்கும் அது ஒழியத் திருச்சபை உழைக்கிறது என்ற பொருளில் இருந்தது அது.

"இதைப் பழசு மேலயா ஒட்டப்போறே?"

"ஆமாப்பா."

"பழசு தெரியாதா?"

"தெரியாம இருக்கத்தானே ஒட்டறது."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டார். மேசையில் ஆறிக்கொண்டிருந்த தேநீரைத் தொடாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்கு வரவில்லை. இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டார், காலணியைத் துடைத்துக்கொண்டார், பிறகு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாமா, உடம்புக்கு முடியலையா?" என்று மருமகன் கேட்டார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதற்கும் முதலில் உடம்பைத்தான் சந்தேகிப்பார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை மாப்பிள்ளை."

"அப்ப மனசுக்கா? அதுக்கு என் கடையில சரக்கு இல்லையே."

"தெரியும். அதான் உங்ககிட்ட கேட்கலை."

அப்பாவின் இதயம் பலவீனம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எந்த நாளும் எதுவும் நடக்கலாம். அப்படி நடக்கிறபோது அப்பா கோயிலோடு பேசாத மனிதராகப் போய்விடக் கூடாது. அது ஒன்றே டீச்சருடைய கவலை.

காரணம் அவருக்குத் தெரியும். அல்லது, தெரியும் என்று நினைத்தார். அப்பாவின் பணிக்காலத்தில் தூக்குத் தண்டனை ஒரே ஒருமுறை நிறைவேறியது. ஒரு சமையல்காரர், வேலை செய்த வீட்டில் முதலாளியையும் முதலாளியின் மனைவியையும் கொன்றவர். டீச்சர் அப்போது பள்ளியிறுதி வகுப்பில் இருந்தார். அன்று விடியற்காலையில் அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டதும், திரும்பிவந்து சீருடையோடு கிணற்றடியில் நெடுநேரம் நின்றதும் நினைவிருந்தது. அதன்பின் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. யாராவது வெளியாள் கிளறினால் அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வார்: "சாமியாரையே கேட்டுட்டுத்தான் போனாரு. சபையே அனுமதிச்சிருக்கு."

அந்த அனுமதியைத்தான் இப்போது மகளே பசை போட்டு மூடப்போகிறாள். கோபம் வராதா?

டீச்சர் பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னார். மறுநாள் மாலையே அவர் வீட்டுக்கு வந்தார். மரியாதைக்குரிய முகமன்கள் முடிந்தன, தேநீர் வந்தது, மருமகன் வேடிக்கை பார்ப்பதற்கு வசதியாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, உங்க இடம் காலியா இருந்துச்சு" என்று ஆரம்பித்தார் பங்குத்தந்தை.

"வேற யாராவது உக்காந்துக்கலாமே. பட்டாவா போட்டு வெச்சிருக்கேன்?"

"அந்தப் பத்தி விஷயமா வருத்தம்னு டீச்சர் சொன்னாங்க."

பெரியவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "ஃபாதர், ஒரே ஒரு கேள்வி. அது அப்பவே தப்பா, இல்லை இப்பதான் தப்பாச்சா?"

பங்குத்தந்தை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "போதனை மாறிடுச்சுன்னு சொல்றதில்லைங்க. ஆழமாகியிருக்குன்னு சொல்லுவோம். மனுஷ உயிர் புனிதம்கறது எப்பவும் இருந்ததுதான். அதோட முழு அர்த்தம் நமக்குப் படிப்படியாத்தான் புரியுது. அடிமை வெச்சுக்கறது, வட்டி வாங்கறது, இதுலயெல்லாம்கூட அப்படித்தான்..."

"ஆழமானா நல்லதுதான். கிணறு ஆழமாகுது, சரி. நான் கேட்கறது அதுல விழுந்தவனைப் பத்தி."

மருமகனுக்குச் சிரிப்பு வந்து, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அது இருமலாக மாறிவிட்டது.

பங்குத்தந்தை நல்லவர், மனம் நோகச் சொல்லத் தெரியாதவர். நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, பெரியவரின் கையைத் தொட்டு, "ஐயா, நீங்க எதுக்கு வருத்தப்படணும்? அன்னைக்கு இருந்த போதனைப்படி நடந்தீங்க. உங்க கடமையைச் செஞ்சீங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்லை" என்றார்.

பெரியவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இதைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்" என்றார். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க." எழுந்து, செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிக் கொல்லைக்குப் போனார். வெளியே அப்போதுதான் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது.

டீச்சருக்கு அன்றிரவு ஒரு யோசனை தோன்றியது. தாளின் நான்கு பக்கமும் ஒட்டினால்தானே பழையது மறையும்? இடது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு பசை வைத்தால், தாள் கதவு போல நிற்கும். மூடினால் புதியது, திறந்தால் பழையது. ஒட்டியதாகவும் ஆயிற்று, அப்பாவின் அனுமதி அழியாமலும் ஆயிற்று. மறுநாள் பங்குத்தந்தையைப் பார்த்துக் கேட்டார்.

"ஒட்டச் சொல்லித்தான் எழுதியிருக்காங்க ஃபாதர். எப்படி ஒட்டணும்னு எழுதலையே."

பங்குத்தந்தை நெற்றியைச் சொறிந்தார். "கணக்கு டீச்சர்கிட்ட நான் வாதாட முடியுமா? ஒட்டுங்க. ஆனா, பிள்ளைங்க முதல்ல புதுசைத்தான் படிக்கணும்."

"கதவைத் தட்டினப்புறம்தானே ஃபாதர் உள்ளே போக முடியும்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் சொன்னார். குரலில் மகிழ்ச்சி ததும்பியது. "ஓரத்துல மட்டும் பசைப்பா. தூக்கிப் பார்த்தா பழசு அப்படியே இருக்கும். உங்களுக்குத் துணையா."

"எனக்குத் துணையாவா?" என்றார் அப்பா. ஏதோ புது மொழியில் பேசிவிட்டாற்போல மகளைப் பார்த்தார். "என் புத்தகத்தை எடு. அந்தப் பழசை வாசி."

டீச்சர் வாசித்தார். பொது அதிகாரத்திலுள்ளவர்கள் குற்றத்துக்கு ஏற்ற தண்டனை வழங்க உரிமையும் கடமையும் உடையவர்கள். மிகக் கொடிய குற்றங்களில் மரண தண்டனையும் அதில் அடங்கும் என்ற கருத்தில் இருந்தது. நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"அவ்வளவுதானேப்பா."

"நீ வகுப்புலயும் இங்கதான் நிறுத்துவே. ஜன்னலோரமா நின்னு கேட்டிருக்கேன். அதுக்குக் கீழே இருக்கறதை வாசி."

கீழே பென்சிலால் கோடிடப்பட்ட மூன்று வரிகள் இருந்தன. கோடு பழையது, பல வருடக் கை பட்டு மங்கியது. டீச்சர் வாசித்தார். ஆனால், இரத்தம் சிந்தாத வழிகளாலேயே மக்களைக் காக்க முடியுமாயின், அதிகாரத்திலுள்ளவர்கள் அந்த வழிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னது அது.

அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தச் சமையல்காரன் இருந்த அறைக்கு ரெண்டு கதவு" என்றார் அப்பா. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூட்டு. வெளியில சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு சுவர். என் ஜெயில்லேருந்து எவன் போனான்? ஊரே எனக்குப் பேர் வெச்சிருக்கே, தெரியாதா? அவன் அங்கேயே இருந்திருப்பான். நரைச்சிருக்கும், பல்லு விழுந்திருக்கும், உள்ளேயே கிழவனாகியிருப்பான். ஒருத்தருக்கும் அவனால ஆபத்து இல்லை. இது உலகத்துலேயே ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஆள் யாரு? நான்தான்."

"மேலிடம் சொன்னதைத்தானேப்பா..."

"மேலிடம் என்னென்னமோ கேட்டுச்சு. எடை என்ன, உடம்பு எப்படி, மேடை சரியா இருக்கான்னு. 'இவனைப் பூட்டி வெச்சிருக்க முடியுமா'ன்னு மட்டும் ஒருத்தனும் கேட்கலை. கேட்டா, 'தாராளமா முடியும்'னு எழுதியிருப்பேன். கேட்காட்டி என்ன? நானே எழுதியிருக்கணும். தூக்கை நிறுத்தியிருக்க மாட்டாங்க, அது எனக்குத் தெரியும். ஆனா எழுதியிருக்கணும்."

டீச்சர் அந்தப் பென்சில் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"உங்கம்மா சொல்லுவாளே, சாமியாரைக் கேட்டுட்டுப் போனார்னு. கேட்டேன். அவர் மேல் பாதியை வாசிச்சுக் காட்டினார். கீழ் பாதி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் தேநீர் குடிச்சோம். பிஸ்கட்கூட இருந்துச்சு."

அவரே தொடர்ந்தார். "அந்தப் பூட்டு ராத்திரியில கிறீச்சுன்னு சத்தம் போடும். அவன் ஒருநாள் கேட்டான். 'ஐயா, சமையக்கட்டுல மிச்ச எண்ணெய் இருந்தா ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்க, தூக்கம் கெடுது'ன்னு. விடச் சொன்னேன். அப்புறம் நல்லாத் தூங்கினான். பூட்டும் நல்லா இருந்துச்சு."

டீச்சருக்கு இப்போதுதான் மெல்ல விளங்கியது. தமக்கிருந்த கேடயத்தைப் பறிக்கிறார்கள் என்று அப்பா கோபிக்கவில்லை.

"இப்ப புதுசு வந்திருக்கு" என்றார் அப்பா. "நல்லது. ரொம்ப நல்லது. எங்கிருந்தோ வந்து குதிச்சது இல்லைம்மா அது. அந்தக் கீழ் பாதிதான் வளர்ந்து மேல் பாதியை மூடியிருக்கு. ஆனா பழசை மூடிட்டா என்னாகும்? 'பாவம், அந்தக் காலத்துல யாருக்கும் தெரியாது, இப்பதானே தெரிஞ்சுது'ன்னு எனக்கு விடுதலை குடுத்துடுவாங்க. குடுத்துட்டாரே ஃபாதர் அன்னைக்கு, நம்ம வீட்டுலயே உக்காந்து! எனக்கு அந்த விடுதலை வேண்டாம். எனக்கு வேண்டியது மன்னிப்பு. எத்தனை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேன் தெரியுமா? எல்லாரும், 'அது பாவமே இல்லை, கடமை'ன்னு தட்டிக்குடுத்து அனுப்பிட்டாங்க. பாவமே இல்லாததை எப்படி மன்னிக்கறது?"

"அதான் புத்தகம் வேணும்னு..."

"நான் வாயால சொன்னா, கிழவன் மனசு உடைஞ்சு பேசறான்னு நினைப்பாங்க. புத்தகத்தை விரிச்சு, 'இதோ, அன்னைக்கே எழுதியிருக்கு, வாசிங்க'ன்னு நீட்டினா தட்டிக்குடுக்க முடியாதே. சனிக்கிழமை ஃபாதர் பாவசங்கீர்த்தனத்துக்கு உக்காருவார். நான் வரேன். நீ சொன்ன மாதிரியே ஓரத்துல மட்டும் ஒட்டு."

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் பசைச் சட்டியும் அப்பாவின் புத்தகமுமாகக் கோயிலின் பின்னறைக்குப் போனார். அப்பாவுடைய பிரதியும் மற்றவற்றைப் போலவே முறையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கதவைத் திறந்து உள்ளே காட்டுவதுபோல அப்பா அதைத் திறந்து காட்ட வேண்டும். வகுப்புப் புத்தகங்கள் பன்னிரண்டு. பங்குத்தந்தை தமது அறையிலிருந்த பிரதியையும் அனுப்பியிருந்தார். மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றிலும் இடது ஓரமாக ஒரே ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு துளி அதிகமில்லை. காயட்டும் என்று எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலேயே விரித்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, சட்டியில் மிஞ்சிய பசையை மூடி ஓரமாக வைத்தார். சன்னலிலிருந்து வந்த காற்றில் பதினான்கு தாள்களும் எழுந்து எழுந்து படிந்தன. அழகாகத்தான் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்.

அதன்பின் முழுசு கதவு பூட்ட வந்தார்.

சனிக்கிழமை மாலை அப்பாவும் மகளும் கோயிலுக்கு நடந்தே போனார்கள். அப்பா இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. பின்னறை வாசலில் முழுசு அவர்களுக்காகவே காத்திருப்பவர்போல நின்றார்.

"டீச்சர், கவலையே படாதீங்க. முடிச்சுட்டேன்."

"எதை அண்ணே?"

"நேத்து பாத்தேன். பாதி ஒட்டி, பாதி ஒட்டாம எல்லாம் பறந்துட்டு இருந்துச்சு. கை வலிச்சுப்போய் விட்டுட்டுப் போயிட்டீங்க போலன்னு நினைச்சேன். பசையும் மிச்சம் இருந்துச்சு. அடியில முழுக்கத் தடவி, நாலு பக்கமும் நல்லா அமுக்கி, மூடி அடுக்கி, மேல பீடத்துப் பித்தளை மெழுகுதிரித் தண்டு ஆறையும் ஏத்தி வெச்சேன். இனிமே உலகம் முடியற வரைக்கும் வராது. நீங்களே இழுத்துப் பாருங்க!"

அப்பா உள்ளே போய்த் தமது புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்கத்தைத் திறந்தார். தாள் பக்கத்தோடு பக்கமாக இழைந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குமிழ் இல்லை. மிகச் சிறந்த வேலை.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பங்குத்தந்தை வந்தார். நடந்ததை டீச்சர் சொன்னார். அப்பா சொன்னதையெல்லாம் சொல்லவில்லை. கீழ் பாதி அப்பாவுக்கு வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொன்னார்.

"நீராவி காட்டிப் பாக்கலாமா?" என்றார் பங்குத்தந்தை. கடிதம் பிரிக்கும் கத்தியை எடுத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூலையை மிக மெதுவாக நெம்பினார். தாள் எழுந்தது. அதோடு பழைய பக்கத்தின் மேல்தோலும் உரிந்து வந்தது. கீழே வெறும் நார், எழுத்து இல்லை. எழுத்தெல்லாம் புதிய தாளின் முதுகில் திரும்பி நின்றது, துண்டு துண்டாக.

"போதும் ஃபாதர்" என்றார் அப்பா.

"ஃபோன்ல பழசு இருக்கும் ஐயா, இருங்க..." பங்குத்தந்தை தேடினார். ஆயர் இல்லம் கொடுத்திருந்த செயலியில் திருத்தம் வந்த அன்றைக்கே மாற்றிவிட்டிருந்தார்கள். பசைகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை.

முழுசுக்கு அப்போதுதான் ஏதோ தவறு என்று தோன்றியது. தலையிலிருந்த துணியை எடுத்துக் கையில் பிசைந்தார். "தப்புப் பண்ணிட்டேனா டீச்சர்? எனக்கு யாரும் சொல்லலையே..."

"உன் மேல தப்பில்லைப்பா. யாரும் உன்னைக் கேட்கலை, நீயும் கேட்கலை" என்றார் அப்பா. சொன்ன பிறகு, தம் சொல் தமக்கே கேட்டாற்போலக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பங்குத்தந்தையிடம் திரும்பினார். "ஃபாதர், நீங்க குருமடத்துல படிச்சவர். பழசோட கீழ் பாதி ஞாபகம் இருக்கா?"

பங்குத்தந்தை யோசித்தார். பொய் சொல்ல வராத முகம் அது. "இல்லைங்கய்யா. பரீட்சைக்கு மேல் பாதிதான் வரும்."

"எனக்கு மனப்பாடம். காட்டறதுக்குக் கையில ஒண்ணும் இல்லை, என் வாய்தான் இருக்கு. தட்டிக்குடுக்காம கேட்பீங்களா?"

பங்குத்தந்தை கத்தியைக் கீழே வைத்தார். கிழிந்த பக்கத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். சில நாட்களுக்கு முன்பு தாம் அந்த வீட்டில் சொன்ன வார்த்தை அவருக்கு இப்போது வேறு விதமாகக் கேட்டிருக்க வேண்டும். "கேட்கறேன் ஐயா" என்று மட்டும் சொல்லி, பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது அணிகிற ஊதா நிறப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

இருவரும் கோயிலின் மறுகோடிக்குப் போய், சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெரியவர் அங்கே என்ன சொன்னார், என்ன பதில் கிடைத்தது என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதலாகாது. தூரத்தில், தூணருகே நின்ற டீச்சர் கண்டதை மட்டும் சொல்லலாம். அப்பா நேரே பார்த்தபடி பேசினார். ஒரு கட்டத்தில் பங்குத்தந்தையின் கை, பழக்கத்தினால், அப்பாவின் முழங்கையைத் தொடுவதற்காக எழுந்தது. பாதியில் நின்றது. திரும்பித் தம் மடிக்கே வந்துவிட்டது. அதன்பின் அந்தக் கை அசையவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒருமுறை ஏதோ கேட்டார்; அப்பா தலையசைத்து, "ஆமாம்" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் தூண்வரை கேட்டது. பிறகு பங்குத்தந்தை குனிந்து, அவரும் தலையசைத்தார். இல்லை என்று மறுக்கிற அசைவாக அது இல்லை. கடைசியில் வலக்கையை உயர்த்தி, மன்னிப்புக்குரிய சிலுவை அடையாளத்தை, ஓர் அவசரமுமில்லாமல், முழுதாக வரைந்தார்.

அப்பா எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. வாசலில் முழுசு இன்னும் துணியைப் பிசைந்துகொண்டே நின்றார்.

"பசை பிரமாதமாப் பிடிச்சிருக்குப்பா" என்றார் அப்பா.

"ஐயா, கேலி பண்றீங்க."

"இல்லைப்பா. நான் பூட்டுப் பாத்தவன். பிடிமானம் எனக்குத் தெரியும்."

மறுநாள் முன்வரிசை வலது ஓரம் நிறைந்திருந்தது. பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பில் டீச்சர் புதிய பத்தியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, இதற்கு அடியில் என்ன இருந்தது என்று, மேல் பாதியையும் கீழ் பாதியையும், நிறுத்தாமல் வாயால் சொன்னார். சன்னலோரத்தில் அப்பா நின்று கேட்டார். டீச்சர் ஓரிடத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டபோது, வெளியிலிருந்து இருமல் சத்தம் வந்தது.

இழந்தவற்றை எண்ணினால் இவ்வளவு தேறும். பதினான்கு புத்தகங்களில் தலா ஒரு பத்தி. அவற்றுள் ஒன்றில், கிழிந்துபோன ஒரு பக்கமும் பென்சில் கோடிட்ட மூன்று வரிகளும். ஒரு சட்டி மைதாப் பசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடந்த ஓர் இருக்கை. முன்பு ஒரு வீட்டில், முதலாளி ஒருவர், அவர் மனைவி ஒருவர். எண்ணெய் விட்ட பூட்டுக்குப் பின்னால், நரைத்துக் கிழவராகியிருக்க வேண்டிய சமையல்காரர் ஒருவர்.